உமிச் சாம்பலில் உப்பு

சந்தேகப்படுவதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று என் கணவர் கிண்டல் செய்வார். ஒரு பொருள் ஒருமுறை நன்றாக வந்துவிட்டால் நம்பாதே, திரும்பச் செய், இன்னொருவர் கையால் செய்யச் சொல், அப்போதும் வந்தால் பாதி நம்பு. ஆராய்ச்சி என்பது அவ்வளவுதான். அதை நான் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன் என்பது அவருடைய குறை. பால்காரரிடம் நான் பேசுகிற தோரணையைப் பார்த்துவிட்டு, "போலீஸ்ல சேந்திருக்க வேண்டியவடி நீ" என்பார். இருக்கட்டுமே. பாலில் தண்ணீர் இருந்தது உண்மைதானே.

தஞ்சாவூருக்கு வெளியே, சுற்றிலும் வயலாகக் கிடக்கும் ஒரு கல்லூரியில் எங்கள் ஆய்வுக்கூடம். எங்கள் வேலை உமிச் சாம்பல். டெல்டாவில் உமிக்கா பஞ்சம்? புழுங்கல் அரிசி மில்களில் நெல் அவிக்கிற பாய்லருக்கு உமியைத்தான் போட்டு எரிப்பார்கள். எரிந்த சாம்பலை ரோட்டோரம் கொட்டிவிடுவார்கள். காற்றடித்தால் பைக்கில் போகிறவர் கண்ணெல்லாம் சாம்பல். அந்தச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. மணலில் இருக்கிற அதே சரக்குதான். ஆனால் இது நெற்பயிர் தானே வேரால் உறிஞ்சி உமிக்குள் நுணுக்கமாக அடுக்கிவைத்தது. பக்குவமாக எரிந்த சாம்பலை அமிலத்தில் கழுவிப் பிரித்தால் கண்ணுக்கே தெரியாத துகள்களாக வெள்ளைப் பொடி கிடைக்கும். தலைமுடி ஒன்றின் தடிமனில் அதில் ஆயிரக்கணக்கான துகள்களை அடுக்கலாம். நானோ என்று பெரிய பெயரில் சொல்வது இதைத்தான்.

அந்தப் பொடியை விதைநெல்லின்மேல் பூசி விதைத்தால், உப்புத் தண்ணீரை நாற்று தாங்குமா என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழ்வேளூர்ப் பக்கம் கடைமடை வயல்களுக்கு ஆற்றுத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் கடல் தண்ணீர் உள்ளே ஏறிவிடும். நாற்று நுனியிலிருந்து கருகும். அங்கே ஒரு வரப்பில் நின்று அதைப் பார்த்த நாளில்தான் இந்த வேலையை விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

ஆனால் வேலை என்னை விடாமல் இருக்க வேண்டுமே! நானும் இன்னொருவருமாக இரண்டு பேர் ஒப்பந்தத்தில் இருந்தோம். ஆண்டு முடிவில் ஒரு குழு வந்து பார்க்கும். திட்டம் தொடர்ந்தால் ஒருவருக்குத்தான் இடம் என்று துறைத்தலைவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நாற்பதை நெருங்கும் வயதில் எனக்கு வேறு எங்கே போக? அந்த இன்னொருவருக்கும் அதே வயது, அதே கவலை.

அவர் வேதாரண்யம் பக்கத்துக்காரர். குடும்பம் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறது. அண்ணன் வளைகுடா நாட்டில். மனிதர் அதிகம் பேசமாட்டார். எதைச் சொன்னாலும் "சரிங்க மேடம்". எப்போதும் சிரித்த முகம். எனக்கு அதுதான் பிடிக்காது. கோபப்படாத மனிதன் மனதுக்குள் என்ன வைத்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்?

முதல் தடவை பொடி நன்றாக வந்தபோது நான் ஊரிலேயே இல்லாத மாதிரி. மூட்டுவலிக் காய்ச்சலில் வீட்டில் முடங்கிக் கிடந்தேன். நீடாமங்கலத்துக்கு அருகில் ஒரு மில்லுக்கு அவர் போய்ச் சாம்பல் சொல்லி வரவழைத்துப் பொடி செய்திருந்தார். நான் திரும்பிவந்தபோது தட்டில் உப்புத் தண்ணீரில் நாற்று பச்சைப்பசேல் என்று நிற்கிறது. கையில் பொடியைத் தேய்த்துப் பார்த்தேன், அப்படியொரு வெள்ளை, அப்படியொரு மென்மை. எனக்குச் சந்தோஷம்தான். கூடவே வயிறும் எரிந்தது. நான் இல்லாத நேரம் பார்த்தா வர வேண்டும்?

"அடுத்தது நீங்க செஞ்சு பாருங்கம்மா. ரெண்டு பேர் கையிலயும் வந்தாத்தான் கணக்கு" என்றார் துறைத்தலைவர்.

பஸ் ஏறி மில்லுக்குப் போனேன். முதலாளி சிங்கப்பூரில் இருக்கிறார், மில்லை நடத்துவது அவர் மனைவி. ஐம்பது வயதிருக்கும், கையில் எப்போதும் செல்போன், குரல் பாய்லர் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். நாற்காலி போட்டு மோர் கொடுத்தார். பின்பக்கம் மலைமாதிரி குவிந்துகிடந்த உமியைப் பார்த்ததும் என்னால் வாயை அடக்க முடியவில்லை.

"அம்மாடியோவ்! இவ்ளோ உமியா! இதெல்லாம் தங்கம் தெரியுமாம்மா? நீங்க கோடீஸ்வரிதான் போங்க!"

அந்த அம்மா சிரித்த மாதிரிதான் இருந்தது. அடுப்புச் சாம்பல் அப்போது சூடாக இருந்தது. மதியம் வாரி ஆறவைத்து, மூட்டை தைத்து, மறுநாள் லோடு வண்டியில் தஞ்சாவூருக்கு அனுப்புவதாகச் சொன்னார். முன்பு வந்த சாருக்கும் அப்படித்தான் அனுப்பினார்களாம். சரியென்று கிளம்பிவிட்டேன்.

மறுநாள் வந்த சாம்பலில் அதே அளவு, அதே அமிலம், அதே சூடு. பொடி சாம்பல் நிறத்தில் வந்தது. உள்ளே கறுப்புப் புள்ளிகள், எத்தனை கழுவினாலும் போகாத கறுப்பு. அதைப் பூசிய நாற்று உப்புத் தண்ணீரில் வாடித் தொங்கியது. கைபிசகு என்று நினைத்து மறுபடி மில்லுக்குப் போனேன். இன்னும் கறுப்பு. அவர் போனார், வெள்ளை. நான் போனேன், முன்னைவிட மோசம். இது என்னடா கூத்து! என் ஜாதகத்துக்கும் சிலிக்காவுக்கும் ஏதாவது பகையா?

பெரிய கருவியில் வைத்துப் பார்த்தேன். என் பொடியில் சோடியம் நின்றது. அவர் பொடியில் இல்லை. சோடியம் என்றால் உப்பு. சூட்டில் உப்பு சேர்ந்தால் சிலிக்கா உருகி ஒட்டிக்கொள்ளும், எரியாத கரியை உள்ளே பூட்டிக்கொள்ளும். அந்தக் கறுப்புப் புள்ளி எப்படி வந்தது என்பது விளங்கிவிட்டது. உமியில் அவ்வளவு உப்பு கிடையாது. அப்படியென்றால் யாரோ போடுகிறார்கள்.

உப்பு! உப்பளத்துக்காரர் எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து சிரித்த முகத்தோடு டீ குடித்துக்கொண்டிருக்கிறார்!

அன்றிலிருந்து நான் அவருடைய கையையே பார்க்க ஆரம்பித்தேன். அவர் என் மேசைப் பக்கம் வந்தால் குடுவைகளை மூடுவேன். டீ குடிக்கப் போனால் அலமாரியைப் பூட்டிவிட்டுப் போவேன். மில்லில் சிவப்பு நூலைக் கொடுத்து, என் மூட்டையை இதால்தான் தைக்க வேண்டும் என்று சொல்லிவைத்தேன். மூட்டை சிவப்பு நூலோடு, தையல் குலையாமல்தான் வந்தது. உள்ளே உப்பும் இருந்தது. அப்படியானால் லோடு வண்டிக்காரரையே கையில் போட்டுக்கொண்டாரா? வீட்டில் சொன்னபோது என் கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏய், ஒரு மூட்ட சாம்பலுக்காக ஒருத்தன் இவ்ளோ வேல பாப்பானா?"

"ஒரு மூட்ட சாம்பல் இல்லீங்க. ஒரு வேல."

துறைத்தலைவரிடம் நேரடியாகக் குற்றம் சொல்லவில்லை. அவ்வளவு கெட்டவள் இல்லை நான். "உப்பு எங்கேர்ந்து வருதுன்னு பாக்கணும் சார். நம்ம கூட உப்பளத்துக்காரங்களும் இருக்காங்கள்ல" என்று சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை போட்டேன். அவர் சிரிக்கவில்லை. அந்த வாரமே மாதிரிகள் வைக்கும் அறையின் சாவியை உப்பளத்துக்காரரிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

சாவியைக் கொடுத்த அன்று மாலை உப்பளத்துக்காரர் என் மேசைக்கு வந்து நின்றார். அன்றைக்கு அந்த முகத்தில் சிரிப்பு இல்லை.

"எங்கிட்டயே கேட்டிருக்கலாமேங்க மேடம்."

"என்னத்த சார் கேக்கணும்?"

"சரிங்க மேடம்" என்று போய்விட்டார். பார்த்தாயா, குற்றமுள்ள நெஞ்சு, ஒரு சண்டைகூடப் போட முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

குழு வருவதற்குக் கொஞ்ச நாளே இருந்தது. கடைசி முயற்சியாக நானே மில்லுக்குப் போனேன். இந்த முறை அடுப்பு வாயிலிருந்து சாம்பல் வாருகிறவரிடம் நின்று பேசி, சுற்றிலும் கண்ணால் துழாவி, உமிக் குவியலில் கைவிட்டு நாக்கில்கூட வைத்துப் பார்த்தேன். உப்புக் கரிக்கவில்லை. முதலாளியம்மா நான் போகிற இடமெல்லாம் பின்னாலேயே வந்தார். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. மோர் குடித்துவிட்டு வழக்கம்போலக் கிளம்பினேன்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூடினால் மூடினதுதான். இன்ஜினை முன்னே பின்னே மாற்றிப் பூட்டி, அது சாவகாசமாகப் போகிறவரைக்கும் பஸ், லாரி, மாட்டுவண்டி எல்லாம் வரிசையில் நிற்கும். எங்கள் பஸ்ஸும் நின்றது. வெயில் முகத்தில் அடித்தது. குடையைத் தேடினேன். குடை மில்லில், நாற்காலிக்குப் பின்னால். கேட் இப்போதைக்குத் திறக்காது என்று கண்டக்டரே சொன்னார். இறங்கி நடந்தேன்.

மில்லின் முன்பக்கம் யாரும் இல்லை. பின்பக்கம் போனேன். நான் உட்கார்ந்திருந்த அதே பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து அடுப்பு வாய்க்கு எதிரே போட்டிருந்தார்கள். முதலாளியம்மா கையில் நெல் அளக்கிற ஒரு மரக்கால். அதில் தளும்பத் தளும்பக் கல்லுப்பு, மேலே ஒரு கைப்பிடி காய்ந்த மிளகாய். நாற்காலியைச் சுற்றினார். பாய்லரைப் பார்த்துச் சுற்றினார். உமிக் குவியலுக்கு நேரே காட்டி வலமும் இடமும் சுற்றினார். "கண்ட கண்ணும் கொள்ளிக் கண்ணும்" என்று முணுமுணுத்தபடி அவ்வளவையும் அடுப்புக்குள் கொட்டினார். படபடவென்று உப்பு வெடித்தது. அடுப்புக்காரர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

"நெடி வரலங்கம்மா."

"இன்னிக்கும் வரலியா? என்ன கண்ணுடா சாமி இது!"

"யாரு கண்ணும்மா?" என்று கேட்டேன்.

மரக்கால் கீழே விழுந்தது. "ஐயையோ டீச்சரு! தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். உங்களுக்கு ஒண்ணும் கெடுதல் பண்ணல. மில்லு நல்லாருக்கணும்னுதான்…"

"என் கண்ணுக்கு என்னம்மா?"

அந்த அம்மா முதலில் தயங்கினார். பிறகு மறைக்க ஒன்றுமில்லை என்று ஆனதும் கொட்டித் தீர்த்துவிட்டார். "மொத நாளு வந்தீங்கள்ல? அம்மாடியோவ்னு வாயப் பொளந்தீங்க. தங்கம்னீங்க, கோடீஸ்வரின்னீங்க. நீங்க போன கொஞ்ச நேரத்துலயே பாய்லர் குழா வெடிச்சுது டீச்சர். ரெண்டாளு மயிரிழையில தப்பிச்சாங்க. அப்பறம் சுத்திப் போடாம இருக்க முடியுங்களா? அன்னிக்கு மத்தியானம் சாம்பல் வாருறதுக்கு முன்னாடியே போட்டோம். ஒரு கை உப்புதான். நெடி வரல. கண்ணு பட்டிருந்தா மிளகா நெடி வராதுங்க, தெரியும்ல? அதான் அடுத்த தடவ நீங்க போனதுமே படி உப்பு. அப்பவும் வரல. இப்ப மரக்கால்."

"இந்த அடுப்புல எப்படிம்மா நெடி வரும்? அம்மாம் பெரிய புகைபோக்கி இழுக்குதே! மூட்ட மிளகா போட்டாலும் மேலதான் போகும்!" என்று கத்தினேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. நான் போனபின் உப்பைக் கொட்டி, அந்த உப்போடு வெந்த சாம்பலை மதியம் வாரி, சிவப்பு நூலால் பத்திரமாகத் தைத்து எனக்கே அனுப்பியிருக்கிறார்கள்.

அப்போதும் என் புத்தி எங்கே போயிற்று தெரியுமா? "அந்த சார் சொல்லிக்குடுத்தாரா இப்படிப் பண்ணச் சொல்லி?"

அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க மில்லுல நாங்க என்னா பண்ணணும்னு சொல்ல அவரு யாருங்க? அவரு வருவாரு, தலைய நிமித்தவே மாட்டாரு, சாம்பல் சொல்லிட்டுப் போயிருவாரு. அவருக்கெல்லாம் நாங்க போடுறதே இல்ல."

இனிமேல் உப்புப் போடாதீர்கள் என்று கெஞ்சினேன். காரணத்தை விளக்கினேன். கையைக்கூடப் பிடித்தேன். அந்த அம்மா மரியாதையாகக் கையை விடுவித்துக்கொண்டு, "நீங்க வராம இருங்க டீச்சர், நாங்க போடாம இருக்கோம்" என்றார். "பாய்லர் வெடிச்சா நீங்களா வந்து நிப்பீங்க?"

குடையை எடுத்துக்கொண்டு திரும்பினேன். கேட் இன்னும் திறக்கவில்லை. அதே பஸ் அங்கேயே நின்றது.

குழுவுக்குக் காட்ட நல்ல சாம்பல் வேண்டும். உப்பளத்துக்காரர்தான் போக வேண்டும். மறுநாள் அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். மரக்கால் உப்பு என்றதும் அவர் சிரிக்க ஆரம்பித்தார். வழக்கமான சிரிப்பு இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"மேடம், ஒண்ணு சொல்லட்டுங்களா? என்னைய மாட்டிவிட நீங்களே உங்க சாம்பல்ல உப்பப் போட்டுக்கிறீங்கன்னு நெனச்சேங்க நான். உங்க மேசையில உப்பு டப்பா இருக்கான்னுகூட பாத்தேன்."

நானும் சிரித்தேன். ஆனால் என் மேசையை எப்போது பார்த்தார் என்று ஒரு நொடி யோசிக்கத்தான் செய்தேன். அவர் நீடாமங்கலம் போய்வந்தார். பொடி பூப்போல வந்தது.

குழுவின் முன் நான்தான் பேசினேன். நல்ல சாம்பலில் அளந்து உப்பைப் போட்டுக் காய்ச்சி, அந்தக் கறுப்பை எங்கள் கூடத்திலேயே வரவழைத்துக் காட்டினேன். திருஷ்டிக் கதையைச் சொன்னபோது பெரியவர்கள் எல்லோரும் குலுங்கிச் சிரித்தார்கள். இந்த மாவட்டத்தில் எந்த மில்லில் சாம்பல் எடுத்தாலும் முதலில் உப்பைச் சோதிக்க வேண்டும் என்பதே ஒரு கண்டுபிடிப்பு என்றார் ஒருவர். வெள்ளைப் பொடிக்கான சாம்பலைக் கொண்டுவந்தது என்னோடு வேலை பார்ப்பவர் என்று சொன்னேன். சொல்லாமல் இல்லை. ஒருமுறை சொன்னேன். அவரும் பின்வரிசையில் உட்கார்ந்து சிரித்த முகத்தோடு தலையாட்டினார்.

திட்டம் தொடர்ந்தது. இடம் எனக்கு. துறைத்தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "காரணத்தக் கண்டுபிடிச்சவங்க நீங்கதானேம்மா. அதுவும் இல்லாம அந்தச் சாவி விஷயம் வேற இருக்கு."

"சார், அது மில்லு உப்புன்னுதான் தெரிஞ்சுபோச்சே!"

"தெரிஞ்சுபோச்சு. இருந்தாலும் ஒரு பேரு வந்துருச்சுல்ல?"

வெளியே வந்து தண்ணீர் குடித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உப்பளத்துக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் அசோகா அல்வா பொட்டலம். அண்ணன் இருக்கிற ஊரிலேயே வேலை கிடைத்துவிட்டதாம். கடல் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்துக் குடிதண்ணீர் ஆக்குகிற கம்பெனியாம். "எங்க போனாலும் உப்பு நம்மள விடாதுங்க மேடம்" என்றார். என் கணவரோடு கிரிக்கெட் பேசினார். கீழ்வேளூர் வயலில் விதைப்பு எப்போது என்று கேட்டார், நாற்றைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். கிளம்பும்போது வாசலில் நின்று வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"வீடு அருமையா இருக்குங்க மேடம். நல்ல காத்தோட்டம். சொந்த ஊருலயே வேல, குடும்பம், எல்லாம் அமைஞ்சுபோச்சு உங்களுக்கு."

கதவைச் சாத்தினேன். நேரே சமையலறைக்குப் போனேன். பதினைந்து வருஷம் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவள் நான். என் கை தானாக உப்பு ஜாடிக்குள் போயிற்று. ஒரு கை கல்லுப்பு, நாலைந்து மிளகாய். கூடத்தைச் சுற்றி, அவர் உட்கார்ந்த நாற்காலியைச் சுற்றி, பழைய தோசைக்கல்லில் கொட்டி அடுப்பைப் பெரிதாக வைத்தேன்.

நெடி என்றால் அப்படியொரு நெடி! கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. என் கணவர் இருமிக்கொண்டே துண்டால் மூக்கைப் பொத்தியபடி வந்தார். கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"நெடி தூக்குதுடி. அப்ப அந்த மனுஷன் கண்ணுல ஒண்ணுமே இல்ல."

அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். தெருமுனையில் டவுன் பஸ்ஸுக்காக அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தினார். கூப்பிட வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. அதற்குள் பஸ் வந்து நின்றது, ஏறிவிட்டார்.